தோற்றவர் துடைக்க வேண்டும்

சனிக்கிழமை ரம்மியில் தோற்றவர் ஞாயிறு காலை காரின் நான்கு குரோம் சக்கரங்களையும் துடைக்க வேண்டும் என்பது பாக்கியநாதனும் அவர் மனைவி ஜெசிந்தாவும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். இருபத்தாறு வருடமும் பெரும்பாலும் அவர்தான் துடைத்தார். பளபளப்பில் அவர் முகம் கோணலாகத் தெரியும். பின்னால் காபி டம்ளரோடு நின்று சிரிக்கும் அவளும் கோணலாகத்தான் தெரிவாள். அவள் இறந்த பிறகு ஆட்டமும் நின்றது, துடைப்பதும் நின்றது; சக்கரங்களில் துரு புள்ளி வைத்துவிட்டது.

"கறுப்புப் பெயிண்ட் அடிச்சிருங்கப்பா, துடைக்கிற வேலையே இருக்காது" என்று மகள் ஸ்டெல்லா டப்பா வாங்கி வந்தாள். டயரில் பெயிண்ட் படாமலிருக்க விளிம்பைச் சுற்றி அட்டை செருக வேண்டும். அவர் இருவரும் ரம்மி ஆடிய பழைய சீட்டுக்கட்டை எடுத்துவந்து ஒவ்வொன்றாகச் செருகினார். வெயிலில் ஒரு சீட்டின் முதுகில், மூலையில், பிறை போல நகக்குறி தெரிந்தது. திருப்பிப் பார்த்தார். ஜோக்கர். சீட்டுக்கட்டில் இருந்த மற்ற ஜோக்கர்களிலும் அதே பிறை; அவர் வைத்ததல்ல.

ஸ்டெல்லா வந்து பார்த்தபோது டப்பா திறக்காமலேயே இருந்தது. அவர் பழைய பனியன் துணியால் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பெயிண்ட் அடிக்கலையா?"

"கடைசி ஆட்டத்துல நான்தாம்மா தோத்தேன். இன்னும் துடைக்கல."