மூன்றாவது பெயர்

ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால், அவர் மனிதவள அறையிலிருந்து வெளியே வருவதற்குள் சர்வரில் அவர் பெயரை அழித்துவிட வேண்டும். எங்கள் அலுவலக வழக்கம் அது. இன்று உள்ளே இருப்பவன் இருதயராஜ். சோதிக்காமல் புது மாற்றத்தைச் சர்வரில் ஏற்றச் சொன்னவர் மேலாளர் ரகோத்தமன். சர்வர் படுத்ததும் பழி இவன் தலையில்.

“சீக்கிரம் நிலோஃபர்,” என்று என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார் ரகோத்தமன்.

எங்கோ இருக்கும் சர்வரின் அனுமதிக் கோப்பை நிர்வாகி அதிகாரத்தோடு என் கணினியில் திறந்தேன். அந்த அதிகாரம் உள்ளவர்களின் பெயர்கள் அதில்தான் இருந்தன. இருதயராஜ், நான், ரகோத்தமன். மூன்றாவது பெயர் பெருமைக்குப் போட்டுக்கொண்டது. ஒரு நாளும் அவர் சர்வருக்குள் போனதில்லை, போகும் வழியும் தெரியாது.

இருதயராஜின் வரியை அழித்தேன். கை நிற்கவில்லை. என் வரியையும் அழித்து, சேமித்து மூடினேன்.

“என்ன பண்ணி வச்சிருக்க? திரும்பப் போடு.”

மறுபடி திறந்து காட்டினேன். அனுமதி இல்லை என்று வந்தது.

“என்னால இனி முடியாது சார். உங்க பேர் மட்டும்தான் இருக்கு.” எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். “உக்காருங்க. நீங்களே போடுங்க.”

அவர் உட்காரவில்லை. மனிதவள அறையின் கதவு திறந்தது. ரகோத்தமன் கீபோர்டைப் பார்த்தார், பிறகு இருதயராஜைப் பார்த்தார்.