சாவி போட்டதும் எரிய வேண்டியது

ஞானமூர்த்தியின் காரில் இன்ஜின் விளக்கு அவ்வப்போது எரியும். கடைத்தெருவுக்குப் போகையில் எரிந்தால் கண்டுகொள்ள மாட்டார். மகள் இருக்கும் ஊருக்குக் கிளம்புகையில் எரிந்தால் மட்டும், "வழியில நின்னுட்டா யாரு பாக்குறது?" என்று பாதியில் திரும்பிவிடுவார். வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள். அவள் பிள்ளைக்கு இப்போது பல்லே முளைத்துவிட்டது. இவர் இன்னும் முகம் பார்க்கவில்லை.

இன்று அங்கே கிளம்பியபோது விளக்கு எரியவில்லை. அதற்கும் விடவில்லை அவர். "சாவி போட்டதும் ஒரு தடவை எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா அது இன்னும் மோசம்" என்று வண்டியை நேராக ஒர்க்‌ஷாப்புக்கு விட்டார். பக்கத்தில் மனைவி வடிவு, மடியில் பேரனுக்கு வாங்கிய கொசுவலையோடு.

மெக்கானிக் பீர்முகமது ஃபியூஸைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். மீட்டரைக் கழற்றலாமென்று அதன் கண்ணாடியைத் துடைத்தபோது விரலில் ஏதோ இடறியது. நகத்தால் உரித்தெடுத்தார். கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. அது இருந்த இடத்தில் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

வடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சென்சார் கோளாறுதான் சார், வண்டி ஓடும். ஊருக்குப் போயிட்டு வந்து மாத்திக்கலாம்" என்றார் பீர்முகமது, பொட்டை விரல் நுனியில் ஏந்தியபடி.

ஞானமூர்த்தி அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எரிகிற விளக்கின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"பசை இருக்கா?" என்றாள் வடிவு, திரும்பாமலேயே.

"மக வீடு வரைக்கும் தாங்கும்."