ஆருக்க கண்ணு?

"கண்ணு குடுத்த ஆளு எந்தக் கூட்டம்?"

கண் கட்டைப் பிரித்ததும் பொன்னப்பன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பக்கத்தில் நின்ற மகள் ஆதிராவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

டாக்டரம்மா சிரித்துச் சமாளித்தார். "அதைச் சொல்லக் கூடாது சேட்டா. எங்களுக்கே தெரியாது. கண் வங்கியில இருந்து வருது, அவ்வளவுதான். முதல்ல இதச் சொல்லுங்க, முன்னால நிக்கிறது யாரு?"

"வெள்ளையா ஒரு உருவம் உண்டு. பனி மூடின மாதிரி."

"இப்போதைக்கு அது போதும். தெளிய மாசக்கணக்காகும்."

பொன்னப்பனுக்கு உதியன்குளங்கரைப் பக்கம் புல்வெட்டும் மெஷின் ஓட்டுகிற வேலை. ஒரு ரப்பர் தோட்டத்தில் புதர்க்காடு வெட்டும்போது கல்சில்லு தெறித்து வலது கண்ணில் அடித்தது. புண் பழுத்து ஆறியபோது கண்ணில் பூ விழுந்துவிட்டது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். திடீரென்று ஒரு நாள் போன் வந்தது. "கண் வந்திருக்கு, உடனே புறப்பட்டு வாங்க." அப்படியே வந்து படுத்தவர்தான்.

டாக்டரம்மா ஆதிராவிடம் திரும்பினார். "மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணி வடியும். பயப்படாதீங்க. ஆனா கசக்கவே கூடாது. தூங்கும்போது இந்த மூடி போடணும். தலையில தண்ணி ஊத்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. தையலைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பிரிப்போம், ஒரு வருஷம்கூட ஆகலாம். சொட்டு மருந்தை நாங்க சொல்லாம நிறுத்தக் கூடாது."

"சரி டாக்டர்."

"கண்ணு சிவந்தாலோ, வலிச்சாலோ, வெளிச்சம் ரொம்பக் கூசினாலோ, தெரிஞ்சது மங்கினாலோ அன்னைக்கே வந்துடணும். சிலருக்கு உடம்பு புதுசா வந்ததை வேண்டாம்னு தள்ளப் பார்க்கும். வருஷங்கள் கழிச்சும் நடக்கலாம்."

உடம்பு தள்ளுகிறதோ இல்லையோ, இந்த மனிதரே தள்ளிவிடுவார் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள் ஆதிரா.

டாக்டர் போனதும் சொட்டு மருந்தோடு நர்ஸ் பிந்துஜா வந்தாள். பொன்னப்பன் விடவில்லை.

"சிஸ்டரே, பேரு ஒண்ணும் வேண்டாம். இந்துவா, சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களா, அது மட்டும் சொன்னாப் போதும்."

பிந்துஜா அவர் இமையைப் பதமாகத் தாழ்த்தி மருந்து விட்டாள். "கண்ணுல மதம் எழுதி வாறதில்ல அங்கிள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த அம்மாள், "கிட்டின கண்ணுக்கும் ஜாதி பாக்குதாரு, பாத்தியளா" என்று யாரிடமோ சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது.

ஆதிரா வராந்தாவுக்கு வந்தாள். கையில் போன் அதிர்ந்தது. மனு.

"நெய்யாற்றின்கரை தாண்டியாச்சு. நேரா வார்டுக்கே வரட்டா?"

இன்றைக்கு வந்து அப்பாவைப் பார்ப்பதாக அவர்கள் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மனுவின் வீட்டார் பாறசாலைப் பக்கம் சர்ச்சுக்குப் போகிறவர்கள். போன ஓணத்துக்கு யாரோ வத்தி வைத்து இவர்கள் பழகுகிற விஷயம் பொன்னப்பன் காதுக்குப் போனது. அன்றைக்கும் இதே வார்த்தையைத்தான் கேட்டார்: "எந்தக் கூட்டம்?" அவள் சொன்னாள். எழுந்து வெளியே போனவர், அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"வராண்டாம் மனு" என்றாள்.

"என்னாச்சு? கண்ணு தெரியேலியா?"

"தெரியுது. கண்ணுதான் மாறியிருக்கு. அப்பா அதே ஆளாக்கும்."

"செரி. நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்புறேன். நீ அழாதே" என்றான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் உள்ளே போனாள். கறுப்புக் கண்ணாடியோடு பொன்னப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார்.

"மக்கா, நீ ஒண்ணு போய் விசாரிச்சுப் பாரு. படிச்ச பிள்ளையில்லியா, உனக்கிட்டச் சொல்லுவாங்க."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"அறிஞ்சு என்ன செய்யப் போறீங்க? நம்ம ஆளு இல்லேண்ணா திருப்பிக் குடுப்பீங்களா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. பொன்னப்பனின் புதுக் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவர் கை மேலே போக, அவள் பிடித்துக்கொண்டாள்.

"கசக்காதீங்க."

"இல்ல." கையை இழுக்காமலே சொன்னார். "ஏதோ ஒரு வீட்டுல ஒரு ஆளு செத்துக் கெடந்திருக்கு. அழுதுட்டு இருந்தவங்க, அந்த நேரத்துலயும் இத எடுத்துக்கோண்ணு தந்திருக்காங்க. ஆருக்க கண்ணுண்ணு அறியாண்டாமா மக்கா? இந்துண்ணா வாவு அமாவாசைக்கு ஆத்துல பிண்டம் வச்சு ஒரு பலி இடணும். வேதக்காரங்கண்ணா கல்லறையில மெழுகுதிரி கொளுத்தணும். ஒண்ணும் அறியாம நான் என்னத்தச் செய்ய?"

ஆதிரா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"சொல்ல மாட்டாங்கப்பா. சட்டம் அப்படியாக்கும்."

"அப்பம் ரெண்டும் செய்திருவோம்."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பலிக்கு எனக்கு முறை தெரியும். சர்ச்சுல எப்படீண்ணுதான் தெரியாது. உனக்க மனு உண்டுல்லா, அவன ஒண்ணு வரச் சொல்லு. கேட்டுக்கிடலாம்."