பேர் சொல்லிக் கூப்பிட்டா என்ன?

மருமகளைப் பான்சி நடத்துகிற விதம் டாஃப்னிக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அக்காதான், அதற்காக?

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவின் செம்மண் பாலையில் பழங்குடிப் பெண்கள் மட்டும் கூடி மூன்று நாள் கூடை பின்னுகிற முகாம். இருபது பேர் வட்டமாக உட்கார்ந்து, காய்ந்த புல்லைக் கத்தை கத்தையாகச் சுருட்டி, ஊசியில் நூல் கோத்துத் தைத்தபடி ஊர்க்கதை மொத்தத்தையும் அலசிக்கொண்டிருந்தார்கள்.

டாஃப்னியின் கூடை அவள் மகளுக்கு. நாலு மாதமாக அடிலெய்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கிட்னி. வெள்ளிக்கிழமை விமானம் ஏறிப் போய்க் கையில் கொடுத்துவிட வேண்டும். விளிம்புக்குச் சிவப்பு நூல்தான் வேண்டும் என்று போனில் கேட்டிருந்தாள்.

"லொரேன், அந்தச் சிவப்பு உருண்டையை இப்படிப் போடும்மா."

பான்சியின் மருமகள் எடுத்துப் போட்டாள். அவளுக்கும் டாஃப்னியின் மகளுக்கும் ஒரே பெயர்.

"எம்பொண்ணு கேட்ட நூலை அவ பேர்க்காரியே எடுத்துக் குடுக்குறா பாரு. ராசிதான்!"

"பேர்ல என்ன ராசி? என்னைப் பாரு," என்றாள் டிரக் ஓட்டி வந்த குன்மனரா.

அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. அதே பெயர்க்காரி ஒருத்தி போன வருஷம் செத்துப்போனாள். செத்தவர் பெயரை வாயால் சொல்லக்கூடாதே! அதனால் உயிரோடு இருப்பவள் பெயரும் சேர்ந்து போய்விட்டது. இப்படிப் பெயரைப் பறிகொடுத்த எல்லோருக்கும் குன்மனரா என்றுதான் பெயர்.

"ஆளு நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பேரைத்தான் பொதைச்சிட்டீங்க!"

வட்டமே சிரித்தது. பான்சியும்தான் சிரித்தாள்.

மதியம் அவள் குன்றின்மேல் ஏறினாள். போனுக்கு சிக்னல் அங்கேதான். இறங்கி வந்ததும் அடுப்படியில் நின்றவர்களிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"புகை," என்றாள், யாரும் கேட்காமலே.

மகனோடு போனில் சண்டை போலிருக்கிறது என்று டாஃப்னி நினைத்துக்கொண்டாள். அந்தக் கோபத்தை மருமகள்மேல் காட்டுகிறாள்!

"ஏய், தண்ணி கொண்டா."

"அடியே, உன்னைத்தான். கங்காரு வாலைத் தணல்லேர்ந்து எடு."

மருமகள் குனிந்த தலை நிமிராமல் எடுத்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பாவம், பயந்துபோயிருக்கிறாள்.

வாலில் கொழுப்பான துண்டை வெட்டி டாஃப்னி முன்னால் வைத்தாள் பான்சி.

"சாப்பிடு."

"இந்தச் சுத்து முடியட்டும் அக்கா."

"சாப்பிடுன்னா சாப்பிடு. கூடைக்கு இப்ப என்ன அவசரம்?"

டாஃப்னிக்குச் சுருக்கென்றது.

"என்ன அவசரமா? எம்பொண்ணு அங்க கட்டில்ல வழி பாத்துக் கெடக்கா. உனக்கும் அவ மகதானே? தங்கச்சி பெத்தா மட்டும் வேறயா?"

பான்சி இன்னொரு துண்டு வைத்தாள். தணலில் சுட்ட ரொட்டியும் வைத்தாள். டாஃப்னி கடைசி வாய் விழுங்குகிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். தான் மட்டும் ஒரு வாய் தொடவில்லை.

"ஏய், இவளுக்கு டீ ஊத்து. சக்கரை நெறையப் போடு."

டாஃப்னிக்குப் பொறுக்கவில்லை.

"போதும் அக்கா! மதியத்துலேர்ந்து பாக்குறேன். ஏய், அடியே, உன்னைத்தான்... அது என்ன நாயா? பெத்தவங்க ஆசையா வெச்ச பேரு இருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா உன் வாய் வெந்தா போயிடும்? லொரேன்! நீ எங்கிட்ட வந்து உக்காரும்மா, லொரேன்!"

எல்லோர் கையிலும் ஊசி நின்றது. மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

டாஃப்னி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தியும் அவளைப் பார்க்கவில்லை. மரத்தடியில் டிரக் கதவு திறந்திருந்தது. இருக்கைமேல் அவளுடைய போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. முகாம் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே!

பான்சி எழுந்து வந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

"இனிமே எத்தனை நாளைக்கு நீ வாயில தண்ணி ஊத்த மாட்டியோன்னுதாண்டி..."



டாஃப்னிக்கு இப்போதுதான் உறைத்தது. பான்சி மட்டுமில்லை, மதியத்திலிருந்து யாருமே அந்த மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. டாஃப்னி சாப்பிட்டு முடிப்பதற்குள் விஷயம் தெரிந்துவிடக்கூடாதென்று, குன்மனரா என்றும் கூப்பிடவில்லை.

அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது, பெற்றவள் ஒருத்திதான்.