ஜாடிக்குள் இரண்டு சீட்டு

"இந்தத் தவளைக்கு உங்க அம்மா பேரை வைக்கட்டுமாம்மா?" அம்மா இறந்த வருடம் அப்பா மகளிடம் இப்படித்தான் கேட்டார். யாரும் அறியாத உயிரைக் கண்டுபிடித்து விவரம் எழுதுகிறவருக்குத்தான் அதற்குப் பெயர் வைக்கும் உரிமை. அழுகையோடு அவளும் தலையாட்டினாள். இப்போது அருங்காட்சியகத்தின் நீண்ட மேசையில் அந்த ஜாடி திறந்து நிற்கிறது. சன்னல் வெயில், உடல் கெடாமல் காக்கும் ஸ்பிரிட்டுக்குள் புகுந்து, வெளுத்துப்போன தவளையின் விரல்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. ஜாடிகளுக்குள் போடும் பெயர்ச் சீட்டை எழுதுவது அவள் வேலை. இன்று பேனாவின் மூடியைக்கூட அவள் திறக்கவில்லை. "எழுதும்மா. நூறு வருஷம் முன்னாடியே ஒருத்தர் இதுக்குப் பேர் வெச்சுட்டுப் போயிட்டார். அவரோடதும் நம்மளோடதும் ஒரே இனந்தான்னு சோதனையில தெரிஞ்சுபோச்சு. முதல்ல வெச்ச பேர்தான் செல்லும்." "சோதனை தப்பா இருந்தாப்பா?" "மூணு தடவை நானே பார்த்துட்டேன்." அப்பா சிரிக்கப் பார்க்கிறார். "உங்கம்மா இருந்திருந்தா, போயும் போயும் தவளைக்கா என் பேருன்னு அன்னிக்கே சண்டைக்கு வந்திருப்பா. இன்னிக்கு, அதையும் பிடுங்கிட்டீங்களான்னு கேட்டிருப்பா." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய சீட்டை எடுத்தெறியும் வழக்கம் இங்கே கிடையாது; புதியதையும் அதோடு உள்ளே போட்டுவிடுவார்கள். அவள் எழுதி முடித்து இடுக்கியிலிருந்து விட்ட புதுச் சீட்டு தள்ளாடித் தள்ளாடி இறங்கி, பழைய சீட்டில் இருக்கும் அம்மாவின் பெயர்மேல் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. அப்பா ஜாடியை மெல்லத் திருப்பிப் பார்க்கிறார். அந்தப் பக்கம் பழைய சீட்டின் வெற்று முதுகுதான் தெரிகிறது. இன்னொரு முறை திருப்புகிறார். பிறகு மூடியைப் போட்டு, தேவைக்கு மேல் இறுக்குகிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போகிறார்.