214ஆம் இலக்க அட்டை

"இப்பிடி ஒரு குடும்பமே இல்லையே அக்கா" என்றான் ஆரூரன்.

எழுதுநர் மனோகரி நிமிரவில்லை.

ஊர்க் குடிநீர்ச் சங்கத்தின் தரவுகளைப் மைஎஸ்கியூஎல் என்ற பழைய தரவுத்தளத்தில் இருந்து போஸ்ட்கிரெஸ் என்ற புதியதற்கு மாற்றிக் கொடுக்க, யாழ்ப்பாணத்திலிருந்து இறுப்பிட்டிக்கு பஸ் ஏறி வந்திருந்தான் அவன். மத்தியானத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. சங்கத்தின் பழைய தரவுத்தளம் எதைக் கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும். புதியது அப்படியில்லை. ஒரு பங்கீட்டு அட்டைக்குத் தண்ணீர் கொடுத்ததாகப் பதிந்தால், அந்த அட்டைக்கு ஒரு குடும்பம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் உள்ளே விடாது.

நூற்றுமூன்று பதிவுகளை அது உள்ளே விடவில்லை. எல்லாம் 214ஆம் இலக்க அட்டைக்குக் கொடுத்தவை. கிழமைக்கு இரண்டு பரல் தண்ணீர், இரண்டு வருடமாக. குடும்பப் பட்டியலிலோ அந்த அட்டை இரண்டு வருடத்துக்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவர் மனோகரி.

தண்ணீர் பவுசர் வண்டி வருகிற நாளில் ஒரு குடம் தண்ணீருக்குச் சனம் வெயிலில் காய்கிற ஊர். காலையில் தேத்தண்ணியும் வடையும் தந்த மனுசியை நல்லவள் என்று நினைத்துவிட்டோமே என்று ஆரூரனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. நேரே போய்ச் சங்கத் தலைவர் தியாகலிங்கத்திடம் சொல்லிவிட்டான்.

தலைவர் வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"அட்டையை அழிச்சுப்போட்டுத் தண்ணியை வித்தனீரோ?"

"விக்கேல்லை ஐயா."

"அப்ப ஆருக்குக் குடுத்தனீர்?"

"சொன்னால் நிப்பாட்டிப் போடுவியள்."

"நிப்பாட்டாமல்? களவு களவுதான். நாளையிலயிருந்து நீர் வேலைக்கு வரத்தேவையில்லை."

மனோகரியின் புருஷன் கட்டிலோடு கிடக்கிறான். இந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அப்போதும் அவள் கெஞ்சாமல், மேசையிலிருந்த தன் சாமான்களை எடுத்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டான் ஆரூரன்.

தலைவர் கதிரையில் அமர்ந்து விலக்கற் கடிதத்தை எழுதத் தொடங்கினார்.

"தம்பி, அந்த அட்டை ஆரின்ர பேரில இருந்ததெண்டு பாக்க ஏலுமோ?"

"ஓம் ஐயா. பழைய பிரதி ஒண்டு கிடக்கு."

"எடும். பொலிசுக்கும் குடுப்பம்."

ஆரூரன் தேடி எடுத்து உரக்க வாசித்தான்.

"றொமேஷ், பிரியவதனி. கடற்கரை வீதி."

தலைவரின் பேனை நின்றது.

"தெரிஞ்ச ஆக்களோ ஐயா?"

மனோகரிதான் மெதுவாகச் சொன்னாள்.

"அவையள் உங்கட சொல்லைக் கேளாமல் கலியாணம் கட்டி அட்டை எடுத்த உடன, உங்கட மகளின்ர பேரைப் பட்டியலில இருந்து வெட்டச் சொன்னனீங்கள், வெட்டினனான். தண்ணியை வெட்டச் சொல்லேல்லை ஐயா."