பாதிப் பொருத்தம்

அந்தப் பல்கலைக்கழகத்தின் நுரையீரல் மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாளே தங்கள் எச்சிலைக் கொடுத்துவிட வேண்டும். நோயாளியின் மாதிரியில் யாருடைய எச்சிலாவது தெறித்திருந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். புதிதாகச் சேர்ந்த தமயந்தியும் கொடுத்திருந்தாள்.

"ஏம்மா, மாஸ்க் போடாமயா வேலை பாக்குற? இதுல பாதிக்குப் பாதி நீதான் இருக்க," என்று பேராசிரியர் லூர்துராஜ், அவள் சோதித்த நோயாளி மாதிரியின் முடிவைத் திரையில் காட்டிக் கடிந்துகொண்டார். அவள் கூசிப்போய், புதுக் கையுறை மாட்டிக்கொண்டு அதே மாதிரியை மறுபடி சோதித்தாள். அதே பாதி. அடுத்த முறை அவளை வெளியே நிற்கவைத்துவிட்டு அவரே செய்தார். அப்போதும் அதே பாதி.

வெளியே வந்தவரின் குரல் தணிந்திருந்தது. "தப்பு உன் மேல இல்லம்மா. மரபணு இப்படிச் சரிபாதி ஒத்துப்போனா பெத்தவங்க, பிள்ளை உறவுதான். மாதிரி கொடுத்த ஆளு வயசுக்கு உங்கப்பாவாத்தான் இருக்கணும். இந்த மாதிரி போன மாசம்தான் எடுத்தது. அவரு இங்கயா வைத்தியம் பாக்குறாரு?"

அன்று காலையில்தான் தமயந்தி, அப்பாவின் திதிக்கு அம்மா வடித்த சோற்றை மொட்டைமாடியில் வைத்து, காக்கையைக் கூப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் அவள்தான் வைக்கிறாள்.

மாதிரிக் குழாயில் பெயர் இல்லை, எண் மட்டும். மாதிரி கொடுத்தவர்கள் மாதாமாதம் வந்து மூச்சை ஊதிக் காட்டும் அறை பக்கத்தில்தான். சுவருக்கு அப்பால் நர்ஸ் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊதுங்கய்யா, ஊதுங்க... விட்றாதீங்க, இன்னும், இன்னும்..."

தமயந்தி சுவரில் கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.